பேசின் பிரிட்ஜில் இறங்கினவள்

என் வீட்டுக்காரர் பரசுராமன் பொய் சொல்ல மாட்டார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரம்பூர் புத்த விகாரத்துக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வருகிற மனிதர். கள் கிடையாது, சூது கிடையாது. சாட்டையைக்கூடக் காற்றில்தான் வீசுவார், குதிரை மேல் படாது. புளியந்தோப்பில் எங்கள் தெருவில் எந்தச் சண்டை வந்தாலும், 'பரசு சொல்லட்டும்' என்று அவரைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். ஆனால் இந்த உத்தமர் ஜட்கா ஓட்டிப் பிழைத்தது பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வாசலில். அங்கே பிழைப்பு எப்படி என்று தெரிந்தால், அவருடைய சத்தியத்தின் லட்சணம் உங்களுக்கும் புரியும்.

மேற்கேயிருந்து வருகிற ரயில்கள் சென்ட்ரலுக்குப் போகும் முன்னால் பேசின் பிரிட்ஜில் நிற்கும். அங்கேதான் டிக்கெட் கலெக்டர்கள் ஏறி எல்லாரிடமும் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது முடிந்த பிறகு வண்டி மறுபடி கிளம்பி, கொஞ்ச தூரத்தில் சென்ட்ரலில் போய் முடியும். பட்டணத்துக்காரர்களுக்கு இது தெரியும், உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். முதல் தடவை வருகிற ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? டிக்கெட்டைக் கொடுத்தாயிற்று, இனிமேல் வண்டியில் உட்கார்ந்திருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, மூட்டை முடிச்சோடு குதித்துவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியிலும் இப்படி யாராவது இறங்குவார்கள். அவர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டவர்கள்.

இறங்கினவர் ஜட்காக்காரரைப் பார்த்து முதலில் கேட்பது, "இது மெட்ராஸ்தானே?" என்பதுதான். என் வீட்டுக்காரர், "மெட்ராஸ்தான்" என்பார். அதில் பொய் ஏது? பேசின் பிரிட்ஜ் என்ன மைசூரிலா இருக்கிறது? வண்டி இன்னும் நிற்கிறது, திரும்ப ஏறிக்கொண்டால் சும்மாவே சென்ட்ரலில் இறங்கலாம் என்பதை அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்வதும் இல்லை. இதற்காக நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். "நான் இன்னா பொய் சொன்னேன், சொல்லு பார்ப்போம்" என்பார். அந்த வருமானத்தில்தான் நானும் உலை வைத்தேன், அதனால் சண்டை ரொம்ப நீளாது.

நான் அதே வாசலில் ஜட்காக் குதிரைகளுக்குப் புல்லுக்கட்டு விற்றுக்கொண்டிருந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பிளாட்பாரம் முழுக்க என் கண்ணுக்குத் தெரியும். அப்படித்தான் ஒருநாள் காலை வண்டியில் சொக்கம்மாள் இறங்கியதைப் பார்த்தேன். பெயர் அப்போது தெரியாது. வயது இருபதுகூட இருக்காது. பச்சைப் புடவை, தலையில் ரோஜாப்பூ வரைந்த மஞ்சள் தகரப் பெட்டி. ரங்கூனிலிருந்து வருகிறவர்கள் வாங்கி வருவார்களே, அந்த மாதிரிப் பெட்டி. மற்றவர்கள் இறங்கினால் நேரே வாசலுக்கு வருவார்கள். இவள் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, நிற்கிற ஆண்பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நடை வேகமானது. கடைசியில் என் வீட்டுக்காரரிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, இது மெட்ராஸ்தானே?"

"மெட்ராஸ்தான் தாயி."

வண்டி அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறிப் போயிருப்பாள். விசில் ஊதியது, வண்டி நகர்ந்தது, கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அவள் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "ரங்கூன் கப்பல் நிக்கிற எடத்துக்கு வண்டி போவுமா?" என்று கேட்டாள்.

"ஹார்பருக்கா? போவும், ஏறு."

மண்ணடியில் ஒரு சேட்டு வீட்டுக் குதிரைக்கு நான் புல் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால் நானும் கட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அவளோடு ஏறினேன். "ரெண்டு பேரும் முன்னால தள்ளி உக்காருங்க, வண்டி பின்னால சாயுது" என்றார் அவர். நேரே போகாமல் வண்ணாரப்பேட்டைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். சுற்றிப் போனால்தான் கூலி கேட்க வாய் வரும். அது எனக்குப் புதிதில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பக்கத்தில் ஒருத்தி அழும்போது எத்தனை நேரம் கடைத்தெருவை வேடிக்கை பார்க்க முடியும்?

"இன்னா பொண்ணே, இன்னா ஆச்சு?"

"எங்க வூட்டுக்காரரு ஸ்டேஷன்ல நிக்கறேன்னு சொன்னாரு அக்கா. நிக்கல."

பிறகு கதையைச் சொன்னாள். குடியாத்தம் பக்கத்தில் ஊர். புருஷன் ரங்கூனில் அரிசி மில்லில் பாய்லர் வேலை பார்க்கிறான். இதற்கு முன் இரண்டு தடவை கடல் தாண்டி வந்து கூப்பிட்டிருக்கிறான். முதல் தடவை இவள் அம்மா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். அடுத்த தடவை வாசற்படியில் குறுக்கே விழுந்து, 'என்னை மிதிச்சுட்டுப் போடி' என்றாள். இவளும் போகவில்லை. மூன்றாவது தடவையாக வந்தவன், சண்டை போடாமல் முன்னால் மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டான். கிளம்பும்போது இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னானாம்.

"இன்னான்னு சொன்னான்?"

"ரெண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்து வெக்கிறேன். கப்பல் போற அன்னிக்குக் காலை வண்டியில நீ வந்தா சந்தோசம். வரலன்னா, உனக்கு என்கூட இருக்க இஷ்டமில்லன்னு எடுத்துக்கறேன். யாரையும் குத்தம் சொல்லமாட்டேன், ஆனா மறுபடி உங்க வாசல்ல வந்து நிக்கமாட்டேன்னாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் வந்துட்டேன் அக்கா. அம்மா கால்ல வுழுந்து கும்புட்டு, தாண்டி வந்துட்டேன். அவருதான் வரல."

"எந்த எடத்துல நிக்கறேன்னான்?"

"வண்டி கடைசியா நிக்கிற எடத்துல."

"அப்புறம் ஏன் இங்க எறங்கின?"

"எங்க அண்ணன் சொல்லி அனுப்பிச்சுது. டிக்கெட்ட வாங்கிக்கினு திருப்பித் தரலன்னா அதான் மெட்ராஸ், எறங்கிடுன்னு."

அவன் சென்ட்ரலில் நிற்கிறான். இவள் வந்த வண்டி அவன் கண் முன்னால் போய் நின்றிருக்கும், அதில் இவள் இல்லை. எங்கள் பேச்சு முன்னால் உட்கார்ந்திருந்தவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முதுகு விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தாரே தவிர, வண்டியை நிறுத்தவில்லை.

"யோவ், நிறுத்துயா வண்டிய."

நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே, "நான் பொய் ஒண்ணும் சொல்லல குப்பம்மா" என்றார்.

"உன் பொய்யும் வாணாம், மெய்யும் வாணாம். சென்ட்ரலுக்குத் திருப்பு."

"இந்நேரம் அவன் ஹார்பருக்குப் போயிருப்பான். நேரா அங்கியே போயிடலாம்."

இத்தனை வருஷமாகச் சுற்று வழியிலேயே ஓட்டின மனிதர் அன்றைக்கு நேர் வழி சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவர் பேச்சு ஏறவில்லை. "திருப்புன்னா திருப்பு" என்றேன். திருப்பினார். அந்தப் பெண் மாறி மாறி எங்கள் முகத்தைப் பார்த்தாள். மறைக்க எனக்கு இஷ்டமில்லை. "பொண்ணே, உன் மேல தப்பு இல்ல. வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போவும், அங்கதான் அவன் நின்னுகினு இருந்திருப்பான். எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப, அவரு வந்திருக்காரா?" என்றாள். நாங்கள் செய்த அக்கிரமம் எதுவும் அவள் காதில் விழவில்லை. புருஷன் தன்னை ஏமாற்றவில்லை என்ற ஒன்றுதான் விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

சென்ட்ரல் பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. கைவண்டி மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த போர்ட்டரிடம் கேட்டேன். "ஒருத்தரு வந்தாரும்மா" என்றான். "பொம்பளைங்க பொட்டியில எல்லாம் ஏறி ஏறி எட்டிப் பார்த்தாரு. டிக்கெட் கலெக்டரு வந்து கலாட்டா பண்ணிட்டாரு. அப்பவும் போவல. காலி வண்டிய யார்டுக்கு இஸ்துகினு போற வரைக்கும் நின்னாரு. இப்பத்தான் போனாரு." எந்தப் பக்கம் என்று கேட்டதற்குக் கடற்கரைப் பக்கமாகக் கையைக் காட்டினான்.

வெளியே வந்து ஏறினோம். அன்றைக்கு முதல்முறையாகச் சாட்டை குதிரை மேல் விழுந்தது. குதிரையே திடுக்கிட்டிருக்கும். டிராம், கைரிக்ஷா, தண்ணீர் வண்டி எதற்கும் ஒதுங்காமல் பிராட்வேயைத் தாண்டிப் போனோம். இரண்டு பக்கமும் எங்களை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மண்ணடி சேட்டுக்குக் கொடுக்க வேண்டிய புல் பாதி ரோட்டிலேயே போயிற்று.

ஹார்பருக்குக் கிட்டே வந்தபோது லெவல் கிராசிங் கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஷண்டிங். இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சின் கொஞ்சம் முன்னால் போகும், நிற்கும், பின்னால் வரும், யாரோ கொடியை ஆட்டுவார்கள், மறுபடி முன்னால் போகும். கேட்டுக்காரனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். நாங்கள் நிற்கும்போதே கப்பல் ஊதியது. அந்தப் பெண் வண்டியிலிருந்து குதித்து, பெட்டியோடு கூட்ஸ் வேகன்களுக்கு அடியில் நுழையப் போய்விட்டாள். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைப் பிறாண்டினாள். கேட்டுத் திறக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இழுபறியில் நின்றோம்.

கேட்டுத் திறந்து, ஹார்பர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டுக்கு மேலே ஒரு புகைபோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வாசல் சேவகன் உள்ளே விடவில்லை. "ஏணிய எடுத்துட்டாங்க. ஒரு ஆளு கடைசி வரைக்கும் ஏணி அடியிலியே நின்னுகினு இருந்தாரு, இப்பத்தான் ஏறினாரு" என்றான். அது யார் என்று எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை.

சொக்கம்மாள் என் வீட்டுக்காரரிடம் திரும்பினாள். "நான் வரலன்னு நெனச்சுக்கினுதானே ஏறியிருப்பாரு?"

அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஆமா தாயி. அப்படித்தான் நெனச்சிருப்பான். வண்டி நின்னப்பவே நான் சொல்லியிருந்தா இந்நேரம் நீ அவன் பக்கத்துல இருப்ப. நான் சொல்லல." இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஒப்புக்கொண்டு யாருக்கு என்ன லாபம், கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. நான் அதைச் சொல்ல வாயெடுக்கும்போது அவரே, "ஏறு, ஏறு" என்றார். "கப்பலு இன்னும் ஹார்பர வுடல. ஹார்பர் வாயி வடக்கால கீது. ராயபுரத்துக்கு எதிர்லதான் வெளிய வரும்."

ராயபுரம் கடற்கரையில், மாதா கோயிலுக்கு நேரே, ஆசீர்வாதத்தின் படகு அலைக்குப் பக்கத்தில் நின்றது. ஆசீர்வாதம் என் வீட்டுக்காரருக்குப் பழைய தோஸ்து. அவரும் ஆட்களும் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குதிரை மணலில் கால் புதையப் புதைய வந்ததைப் பார்த்து, "இன்னா மாமு, குதிரைய கடல்ல எறக்கப் போறியா?" என்றார். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். ஒன்றையும் விடாமல், தான் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னார். ஆசீர்வாதத்தின் சிரிப்பு போய்விட்டது.

"தங்கச்சி, கப்பலுக்கு வழிகாட்டி வர்ற பைலட் தொரை எறங்குற எடத்துல கப்பலு மெதுவாத்தான் போவும். கிட்ட போயிடலாம். ஆனா ஏத்திக்க மாட்டான். அது தெரியும்ல?"

"ஏத்த வாணாம் அண்ணே" என்றாள் சொக்கம்மாள். "நான் வந்தது அவருக்குத் தெரிஞ்சா போதும்."

வயசுப் பெண்ணை ஆண்பிள்ளைகளோடு தனியாக அனுப்ப முடியுமா? நானும் ஏறினேன். எனக்குக் கடல் ஆகாது. முதல் அலையைத் தாண்டும்போதே குடல் வாய்க்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டு, அங்கேயே நின்றார். சொக்கம்மாள் அதுவரை கடலையே பார்த்ததில்லையாம். ஆனாலும் பெட்டியை அணைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். துடுப்புப் போடுகிறவர்கள் மூச்சு வாங்க வாங்கப் போட்டார்கள்.

ஹார்பர் கல்சுவரைத் தாண்டிக் கப்பல் வெளியே வந்தது. கிட்டே போகப் போக அது எவ்வளவு உயரம் என்று தெரிந்து எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று. மேல் தட்டில் கம்பி ஓரம் முழுக்க ஜனம். எல்லாரும் ஊரைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். கீழே ஒரு மீன்பிடிப் படகு வருவதை யார் பார்ப்பார்கள்? பைலட் தொரையை இறக்கிக்கொள்ள வந்த லாஞ்சுப் படகு அந்தப் பக்கம் போய் ஒட்டியது, கப்பலின் வேகம் குறைந்தது.

"பேரு இன்னா, சொல்லு. நாங்க கத்தறோம்" என்றார் ஆசீர்வாதம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர். கல்யாணமான நாளாக அந்தப் பெயர் அவள் வாயில் வந்திருக்காது. நான் குமட்டலோடு குமட்டலாக, "அவன் ஆயுசு நல்லாத்தான் இருக்கும், உன் வாழ்வைப் பாருடி" என்று கத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "லட்சுமணன்" என்றாள்.

படகில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து, "ஏ லட்சுமணா" என்று கூப்பிட்டார்கள். மேலே இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். ரங்கூன் கப்பலில் லட்சுமணனுக்கா பஞ்சம்? "அவரு இல்ல, இவரும் இல்ல" என்றாள் சொக்கம்மாள். பைலட் லாஞ்சு விலகிப் போயிற்று. கப்பலுக்கு அடியில் தண்ணீர் கொதித்தது. எங்களைத் தாண்டி நகர ஆரம்பித்தது.

அப்போது அவள் எழுந்து நின்றாள். படகு ஆடுகிற ஆட்டத்தில் எனக்கு உட்காரவே முடியவில்லை, அவள் காலை அகட்டி நின்று அந்த மஞ்சள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். வழியனுப்ப வந்தவள் பெட்டியோடு வரமாட்டாள். கூடப் போக வந்தவள்தான் பெட்டியோடு வருவாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். துடுப்புக்காரர்கள் இன்னொரு தடவை கூப்பிட்டார்கள்.

கம்பி ஓரத்தில் எல்லாரும் அசையாமல் நிற்க, ஒரே ஒருத்தன் மட்டும் ஓடினான். கப்பல் முன்னால் போகப் போக, அவன் பின்பக்கம் பார்த்து ஓடினான். ஆட்களை இடித்துத் தள்ளினான், யாருடைய மூட்டையோ தடுக்கி விழுந்தான், எழுந்தான். சட்டையில்லாத ஆளா, சட்டை போட்ட ஆளா என்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, அவன் ஓடினது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. கப்பலின் பின்கோடிக்கு வந்து, அதற்கு மேல் ஓட இடமில்லாமல், கடைசிக் கம்பியின் மேல் ஏறிவிட்டான். இரண்டு பேர் பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான், தானும் ஒரு பெட்டியைச் சுமக்கிறவன் மாதிரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசீர்வாதம் சிலுவை போட்டுக்கொண்டார். படகு திரும்பாமல் அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. கப்பல் சின்னதாகி, ஆள் தெரியாமல் போய், பிறகு புகை மட்டும் தெரிந்தது. பெட்டியை இறக்கி வைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இருங்கக்கா, அவரு இன்னும் பாத்துக்கினு இருப்பாரு" என்றாள்.